பூச்சியம் சமம் இருபத்துநான்கு

நேற்று திருமயத்தில் போனுக்குக் கண்ணாடி ஒட்டப் போனேன். கடைக்காரர் ஈரத்துணியால் திரையைத் துடைத்தார். தூசி நனைந்த அந்த வாசனை எனக்குக் கரும்பலகை வாசனை. உடனே என் கை சாக்பீசைத் தேடியது. இருபத்தைந்து வருடம் கழித்தும், பாருங்கள்.

பி.எஸ்ஸி. கணக்கு முடித்த புதிது. அதே ஊரில் ஒரு டியூஷன் சென்டரில் வாத்தியார் வேலை; முதலில் ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் திங்கட்கிழமை மாமாவோடு திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். மாமா எனக்கும் சேர்த்தே சீட்டுப் போட்டு வைத்திருந்தார். என் திறமைமேல் அவ்வளவு நம்பிக்கை!

சென்டர் நடத்துபவர் கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்தார். நான் நீக்கல் முறையை எடுத்தேன். தூக்கத்தில்கூடப் போடுவேன், அன்று முழித்திருந்ததுதான் வினை. அப்பா வயது x, மகன் வயது y. கூட்டினால் ஐம்பது, கழித்தால் இருபத்தாறு. x + y = 50 என்று எழுதி, அதன் கீழே x − y = 26. மேல்வரியிலிருந்து கீழ்வரியைக் கழித்தால் அப்பா நீங்கிவிடுவார், மகன் மிஞ்சுவான். அதற்குக் கீழ்வரியின் குறிகளையெல்லாம் மாற்ற வேண்டும். பதற்றத்தில் y-யின் குறியை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். x அடிபட்டது. y-யும் அடிபட்டது. பலகையில் நின்றது 0 = 24.

முன் பெஞ்சில் செல்வி என்றொரு பிள்ளை எழுந்தாள்.

“சார், அப்பாவும் போயிட்டாரு, மகனும் போயிட்டான். இந்த இருபத்திநாலு யாரு சார்?”

“நீங்க கண்டுபிடிக்கிறீங்களான்னு பாத்தேன்.”

“அப்பறம் ஏன் சார் ஒங்களுக்கு இப்புடி வேர்க்குது?”

வகுப்பே உருண்டு சிரித்தது. சாக்பீசை அவளிடம் நீட்டினேன். சரணாகதிக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் குறியை மாற்றினாள். 2y = 24. மகனுக்குப் பன்னிரண்டு, அப்பாவுக்கு முப்பத்தெட்டு. இருவரும் பிழைத்து வந்தார்கள். நான்தான் பாக்கி.

“தம்பி, இங்கிட்டு வாங்க” என்றார் சென்டர்காரர். “பாடம் நடத்துனது அந்தப் புள்ள. ஆனா இந்தக் கடைசி பெஞ்சு முழிச்சிருந்து இன்னைக்கித்தான் பாக்குறேன். திங்கக்கெழம வந்துருங்க.”

பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு மாமா மட்டும் திருப்பூர் போனார்.

அதன்பிறகு பல வருடம் அங்கே தப்பு விட்டேன். சில நாள் வேண்டுமென்றே. பல நாள் தானாகவே. எது எந்த ரகம் என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். சென்டரை மூடியாயிற்று. இப்போது என் பாடமெல்லாம் வீடியோ. குறி தவறினால் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடுகிறோம். பார்க்கிற பிள்ளைகளுக்கு நான் தப்பே விடாத வாத்தியார். பாடம் முடியும்வரை அவர்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் வராது.