‘நான்’ வீட்டை விட்டுப் போன கதை

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபியை வாயில் வைக்கிறேன்... வாசலில் அந்தோணி. எங்கள் தெருக்காரர். வடமதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். முகம் வெளிறிக் கிடந்தது.

“அண்ணே, ரோஸ்லின் என்னைய விட்டுட்டுப் போகப் போறாண்ணே!”

ரோஸ்லின் அவர் மனைவி. ரோஸ்லின் எழுதிய முதல் சிறுகதை அந்த வாரம்தான் ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. கதை இப்படித் தொடங்குகிறது: ‘பிள்ளை தூங்கும்போதே கிளம்பினேன். திரும்பிப் பார்க்கவில்லை.’

இந்த இரண்டு வரியை மட்டும் படம் பிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார் அந்தோணியின் அத்தை. கூடவே ஒரு கேள்வி – ‘எங்கே? யாரோட?’

கதைசொல்லிகளில் ‘எல்லாம் அறிந்தவர்’ என்று ஒரு வகை உண்டு. யார் மனதில் என்ன ஓடுகிறது என்பது அவருக்கு அத்துப்படி. இப்போதைய கதைகளில் அவரை அதிகம் பார்க்க முடிவதில்லை. குடும்ப குரூப்பில்? குறைவே இல்லை!

“இனிமே அவ எழுதவே கூடாதுண்ணே. நீங்களும் எழுதுறவுகதான... செத்த வந்து சொல்லுங்க.”

எழுதாதே என்று சொல்ல எழுதுகிறவனையே கூப்பிடுகிறார். போனேன். ரோஸ்லின் அழுது முடித்திருந்தார். “நான் எழுதத்தாண்ணே செய்வேன்” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அந்தோணிக்குப் பாடம் எடுத்தேன். “கதையில வர்ற ‘நான்’ வேற, எழுதுனவுக வேற. திருடன் சொல்ற மாதிரி எழுதணும்னா பூட்டை உடைச்சுட்டா வரணும்?”

“அப்ப அந்த ‘நான்’ யாருண்ணே?”

நல்ல கேள்வி. பத்திரிகையை வாங்கிப் புரட்டினேன். மூன்றாவது பக்கத்தில் அந்த ‘நான்’, லாட்ஜ் கண்ணாடி முன்னால் நின்று மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தது!

“யோவ், இது ஆம்பளய்யா! முழுசாப் படிக்கலையா?”

“மொத வரியிலயே நெஞ்சு அடைச்சுப் போச்சுண்ணே...”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ‘போனான்’ என்றால் ஆண், ‘போனாள்’ என்றால் பெண். ‘போனேன்’ என்றால்? தமிழ் வாயைத் திறக்காது. எழுதியவர் பெண் என்பதால், ‘நான்’ என்றதும் எல்லோருமாகச் சேர்ந்து அதற்குச் சேலை கட்டிவிட்டார்கள்.

அந்தோணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஆம்பளதானா! அடச்சே... ஆம்பளன்னா நாலு எடத்துக்குப் போவான், வருவான். இதுக்குப் போயி இம்புட்டுக் கலவரமா?”

உடனே குரூப்பில் தகவல் போனது – ‘போனது ஆம்பளை.’ அத்தையிடமிருந்து ஒரு கும்பிடு வந்தது. அவன் ஏன் போனான், அந்தப் பிள்ளை என்ன ஆனது... யாரும் கேட்கவில்லை. எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

“நீ பாட்டுக்கு எழுது ரோசு” என்றார் அந்தோணி, பெரிய மனசு பண்ணி.

ரோஸ்லின் டீயை அவர் முன்னால் வைத்தார்.

“சரிங்க. அடுத்த கதைல ‘அவள்’னே போட்டுர்றேன். போறது யாருன்னு சந்தேகமே வராதுல்ல?”

அந்தக் கதையை அந்தோணி கடைசி வரி வரை படிப்பார்!