நைஜலைக் கூப்பிடாத வருடம்

எங்கள் ஒஃபிசில் போன கிழமை எல்லோருடைய கழுத்திலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். அதில் முதற்பெயர் மட்டும், கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரிகிற அளவில் இருக்கிறது. மறுநாள் மதியம் சாப்பாட்டறையில் மீன் குழம்பைச் சூடாக்கிக்கொண்டு நின்றேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று உள்ளே வந்தது. இருபத்திரண்டு வயதிருக்கும், இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிறந்த எங்கள் ஆட்களின் பிள்ளைதான். என் அட்டையை வாசித்துவிட்டு, என் பெயரை முழுசாகச் சொல்லி, "வாவ், திஸ் ஸ்மெல்ஸ் லைக் அம்மாஸ் கிச்சின்!" என்றது.

எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. ஆனால் உண்மையையும் சொல்லவேண்டும். அந்தப் பிள்ளை என்னை அன்ரி என்று கூப்பிட்டிருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும். அப்போ என்னதான் கூப்பிட வேண்டும் என்று கேட்டீர்களானால் எனக்கும் தெரியாது. இந்த யோசனையில் நின்றதில் குழம்பு கொதித்து மைக்ரோவேவ் முழுக்கத் தெறித்துவிட்டது. அதைத் துடைக்கும்போதுதான், ஒரு மனிதரை ஒரு வருடம் முழுக்கக் கூப்பிடாமலே சமாளித்த என் சாதனை ஞாபகத்துக்கு வந்தது.

ரொறன்ரோவுக்கு வருமுன் நான் இங்கிலாந்தில் படித்தவள். இப்போது கேட்டால் யாரும் நம்புவதில்லை, என் ஆங்கிலம் அப்படி. யாழ்ப்பாணத்திலிருந்து மாஸ்ரர்ஸ் செய்யப் போன இருபத்துநாலு வயதுப் பெட்டை. வடக்குப் பக்கமாக ஒரு சின்ன நகரம், அதில் ஒரு மாணவர் விடுதி, ஆறு பேருக்கு ஒரு சமையலறை. ஒரு சனிக்கிழமை காலை அங்கே கருவாடு பொரித்தேன். நெருப்பு அலாரம் அடித்தது. விடுதி முழுக்கப் பைஜாமாவோடு குளிரில் இறங்கி நின்றது. ஒருவராவது வாய்விட்டு ஏசவேண்டுமே! பக்கத்தறை எமிலி என்னிடம் வந்து, "சொறி, அலாரம் உன் சமையலைக் குழப்பிவிட்டது" என்றாள். காலை மிதித்தால் மிதிபட்டவர் மன்னிப்புக் கேட்கிற நாடு அது.

அந்த நாட்டில் கோப்பை கழுவுகிற விதத்தையும் சொல்லவேண்டும். சவர்க்கார நுரையில் முக்கி எடுத்து, நுரையோடு அப்படியே துடைத்து அடுக்கிவிடுவார்கள். தண்ணீரில் அலசுவது என்ற ஒரு வேலை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நான் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து எல்லாக் கோப்பைகளையும் திரும்பக் கழுவுவேன். ஒருநாள் எமிலி கையும் களவுமாகப் பிடித்தாள். அதற்கும் அவள்தான் சொறி சொன்னாள். நான் என்ன செய்தாலும் மன்னிப்பு அங்கிருந்தே வந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறிவிட்டது.

தலைக்கனம் எல்லாம் வகுப்பு வாசல்வரைக்கும்தான். முதல் வகுப்பில் ஒரு பெடியன் முன்கதிரையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, அப்பிளைக் கடித்தபடியே, "நைஜல், நீங்கள் சொல்வது பிழை என்று நினைக்கிறேன்" என்றான். கூரை இடிந்து விழப்போகிறது என்று நான் மேலே பார்த்தேன். நைஜல் என்றால் எங்கள் பேராசிரியர். அறுபதை நெருங்கியவர், நெட்டையான மனிதர், வெயிலிலும் நனைந்த நாய் மணக்கிற ஒரு கம்பளிக் கோட்டு. அவர் அந்தப் பெடியனைப் பார்த்து, "அப்படியும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெடியன் அப்பிளோடு வெளியே போயிருப்பான்.

வகுப்பு முடிந்ததும் வாசலில் அவரை மறித்து, குனிந்து, "சேர்..." என்றேன். என் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அவர்தான் வழிகாட்டி என்று கடிதம் வந்திருந்தது. அவர் முகம் பல்லு வலிக்காரனின் முகமாகச் சுருங்கியது. "தயவுசெய்து அது வேண்டாம். நைஜல் என்று கூப்பிடு. எல்லோரும் அப்படித்தான்" என்றார்.

இதை ரெலிபோனில் அம்மாவுக்குச் சொன்னேன். "என்னது? வாத்தியாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதோ? நீ உங்க படிக்கப் போனனியோ, பழுதாப்போகப் போனனியோ?" என்றார் அம்மா. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. வீட்டில் அப்பாவின் பெயர் "இஞ்சாருங்கோ". ஒருமுறை தபால் கந்தோரில் கிளாக்கர் அம்மாவிடம், "புருசன்ர பேரென்ன?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்து, "நீ சொல்லு பிள்ளை" என்றார். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பாவின் பெயரை நானும் சொல்லக்கூடாதே! நன்றாக யோசித்து, "அப்பா" என்றேன். கிளாக்கர் எழுதாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த வளர்ப்பில் வந்தவளுக்கு நைஜல் என்று எப்படி வாய் வரும்? கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்தது நான்தான் என்றாலும் கூச்சமாக இருந்தது. ஆகவே கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். அவருடைய அறைக்குப் போனால் கதவடியில் நின்று இருமுவேன். மூன்றாம் கிழமை அவர் மேசையில் எனக்கென்று தொண்டை மிட்டாய் ஒரு தகரப்பேணியில் வந்துவிட்டது. இருமாமல் சும்மா நின்று பார்த்தேன். திரும்பியவர் திடுக்கிட்டுத் தேநீரை மடியில் ஊற்றிக்கொண்டார். ஈமெயில் எழுதினால் "குட் மோர்னிங்" என்று தொடங்குவேன். பின்னேரம் எழுதுகிற ஈமெயிலையும் விடியும்வரை வைத்திருந்து அனுப்பினேன். இவ்வளவு மினக்கெட்டதற்கு நீளமான பெயர் என்றாலும் பரவாயில்லை, வெறும் மூன்று எழுத்து.

அடுத்த கோடையில் உண்மையாகவே இருமல் வந்தது. காய்ச்சலில் மூன்று கிழமை படுத்துவிட்டேன். கட்டுரை பாதியில் நின்றது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு முன்னம், வழிகாட்டியின் கையெழுத்தோடு ஒரு படிவம் பல்கலைக்கழகக் கந்தோருக்குப் போனால் ஒரு மாதம் தவணை கிடைக்கும். போகாவிட்டால் கட்டுரை இல்லை, பட்டம் இல்லை, விசா முடிந்து வெறுங்கையோடு ஊருக்குப் போகவேண்டும். அப்பா அதற்குள் கண்டவர் நின்றவருக்கெல்லாம் "மகள் மாஸ்ரர்ஸ் முடிச்சிட்டாள்" என்று சொல்லி வைத்திருந்தார்.

வெள்ளி இரண்டரை மணிக்குப் படிவத்தோடு போனேன். நைஜல் பயணப் பெட்டியோடு தாழ்வாரத்தில் நின்று யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே போகலாமா? தூணோடு ஒதுங்கி நின்றேன். இருமினேன். என்றைக்கும் இருமுகிறவளின் இருமலை யார் கணக்கெடுக்கிறார்கள்? கதை முடிந்ததும் அவர் மற்ற வாசலால் இறங்கி நடக்கத் தொடங்கினார். நானும் பின்னால் நடந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ரெயில் நிலையம் வரைக்கும், ஒரு மரியாதையான இடைவெளி விட்டு, படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே போனேன். அவருடைய கால் ஒரு எட்டு வைத்தால் எனக்கு மூன்று எட்டு. ஓடினேன், மூச்சு வாங்கியது, நின்றேன், திரும்ப ஓடினேன். ஒரு முறையாவது வாயைத் திறக்கவில்லை.

நிலையத்தில் அவர் ரிக்கெற்றைக் காட்டி உள்ளே போய்விட்டார். வாசலில் வரிசை. அந்த நாட்டில் கொலை செய்தாலும் மன்னிப்பார்கள், வரிசையைக் குழப்பினால் மன்னிக்கமாட்டார்கள் என்று எனக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். கண்ணீர் முட்ட வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் வாசல்காரப் பெண்மணி ரிக்கெற் கேட்டார். "எனக்கு ரெயில் வேண்டாம், அதோ அந்த மனிதர்தான் வேண்டும்" என்றேன். அவர் என்னையும் தூரத்தில் போகிற கம்பளிக் கோட்டுக் கிழவரையும் பார்த்து என்ன நினைத்தாரோ, முகம் இளகிவிட்டது. "அப்போ கத்திக் கூப்பிடு, செல்லம்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

ஓடினேன். ரெயில் நின்றது. நைஜல் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு ஒரு காலைத் தூக்கினார். "எக்ஸ்கியூஸ் மீ!" என்று கத்தினேன். பிளாற்போமில் நின்ற எல்லோரும் சொறி சொல்லி விலகினார்கள், அவர் மட்டும் திரும்பவில்லை. "சேர்!" என்றேன். அவருக்கென்ன, அது வேறு யாரோ. அடுத்ததாக, சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை, அம்மாவின் குரல் அப்படியே என் தொண்டைக்குள்ளால் வந்தது. "இஞ்சாருங்கோ!"

கதவு மூடப்போகிற மணி அடித்தது. எனக்குப் பட்டம் தெரிந்தது, அப்பா தெரிந்தார்.

"நைஜல்!"

புறாக்கள் எழும்பிப் பறந்தன. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு, பிள்ளையாருக்கு முன்னால் நிற்பதுபோல இரண்டு கன்னத்திலும் பட்பட்டென்று போட்டுக்கொண்டேன். நைஜல் பெட்டியை இழுத்துக்கொண்டு கீழே பாய்ந்தார். அந்த ரெயிலில் தமக்கையைப் பார்க்கப் போகவிருந்த மனிதர். ரெயில் போய்விட்டது. அவர் அதைத் திரும்பியும் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"உனக்கு என் பெயர் தெரியும்!" என்றார்.

பயணப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் படிவத்தைப் போட்டுக் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி, "உனக்கு என்னைப் பிடிக்காது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஒரு நாள்கூட என் பெயரை நீ சொல்லவில்லை. என்ன பிழை விட்டேன் என்று மனைவியிடமும் கேட்டேன்" என்றார்.

எனக்கு ஐயோ என்றாகிவிட்டது. மதிக்கிறவர்களின் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை என்று தட்டுத்தடுமாறி விளங்கப்படுத்தினேன். அம்மாவை, அப்பாவை, தபால் கந்தோரை எல்லாம் சொன்னேன். அவருடைய காது இரண்டும் சிவந்தன. பிறகு, பளிச்சென்று வெயில் எறித்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கிறது" என்றார். நெஞ்சில் ஏதாவது பட்டுவிட்டால் அந்த நாட்டுக்காரர் வானிலை சொல்வார்கள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படிவத்தைக் கொடுத்தேன். பட்டம் கிடைத்தது, அப்பாவின் மானமும் தப்பியது. அதற்குப் பிறகும் நைஜல் என்னைக் காணும்போதெல்லாம், "இன்னொரு தரம் சொல்லு பார்ப்போம்" என்று பகிடி பண்ணுவார். நான் சொன்னதில்லை.

பிறகு கலியாணம் கட்டி ரொறன்ரோ வந்தேன். இந்த ஊர் ஆறே மாதத்தில் என் நோயை மாற்றிவிட்டது. முதல் மனேஜர் என்னைவிட வயதில் குறைந்த ஒரு ஜொஷ். அவனைக் கூப்பிட்டுப் பழகியதும் வாய் தாராளமாகத் திறந்துகொண்டது. குடும்ப வைத்தியர், மகனின் அதிபர், பக்கத்து வீட்டு எழுபது வயது மனிதர், எல்லோரும் பெயர்தான். ஒருநாள் மார்க்கம் நகரத் தமிழ்க்கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டே, கடைக்கு அந்தப் பக்கம் நின்ற என் மனுசனைப் பெயர் சொல்லிக் கூவினேன். பக்கத்தில் மாமி. "உதென்ன பிள்ளை, ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுற மாதிரி" என்றார். நான் சிரித்தேன். அம்மா கேட்டிருந்தால் அழுதிருப்பார்.

நைஜலோடு வருடத்துக்கு ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில் உறவு இருந்தது. போன மாதம் வீடியோவில் கதைத்தோம். எண்பது தாண்டிவிட்டது, மனைவி இல்லை, முதியோர் இல்லத்தில் இருக்கிறார். "ஹாய் நைஜல்!" என்றேன், வெண்டிக்காய் வாங்குகிற குரலில். எனக்கே அது பிறகுதான் உறைத்தது.

அவர் அங்கத்தைய கதைகளைச் சொன்னார். காலையில் கஞ்சி கொண்டுவருகிற பெடியன் நைஜல் என்கிறானாம். குளிக்க வார்க்கிற பெண் டார்லிங் என்கிறாளாம். மருந்து கொடுக்கிறவள் "குட் போய்" என்று சின்னப் பெடியனுக்குப்போலத் தலையைத் தடவுகிறாளாம். "நல்ல பிள்ளைகள்தான்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "முதல் நாள் வாசலில் நீ என்னை ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டாய். நான்தான் வேண்டாம் என்றேன். சிரமமில்லை என்றால் அதை ஒருமுறை சொல்கிறாயா?" என்றார்.

நான் கதிரையில் நிமிர்ந்து இருந்து, "சேர்" என்றேன்.

எனக்கே தெரிந்துவிட்டது. அது எங்கள் ஒஃபிசில், "சேர், அடுத்த ஜன்னலுக்குப் போங்கள்" என்று நாளுக்கு நூறு தரம் சொல்கிற சேர். திரும்பச் சொன்னேன். இரண்டாவது நாடகம்போல் இருந்தது. குனிந்துகூடப் பார்த்தேன், கமராவில் என் உச்சந்தலைதான் தெரிந்திருக்கும். நைஜல் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். மூன்றாம் தரம் சொல்ல வாய் வரவில்லை.

"நன்றி, மிகவும் நன்றாக இருந்தது" என்றார், அந்த நாட்டு மரியாதையோடு.

அன்று வாசலில் அந்தச் சொல்லைச் சொன்னபோது யாரும் சொல்லாமலே என் கழுத்துக் குனிந்தது, குரல் பாதியில் நின்றது. அவர் வேண்டாம் என்ற நாளில் அது என்னிடம் அளவுக்கதிகமாக இருந்தது. அவர் கேட்ட நாளில் தேடிப்பார்த்தேன், இல்லை.