அச்சில் சிக்கிய கோது

துப்பாக்கியில் சுட்டபின் ரவையின் பித்தளைக் கோது கொஞ்சம் பருத்துவிடும். அதையே மறுபடி நிரப்ப வேண்டுமென்றால், முதலில் இரும்பு அச்சுக்குள் தள்ளி இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தள்ளுமுன் அதற்கென்று உள்ள மெழுகைத் தடவவேண்டும். போன மாதம் ஒரு சனிக்கிழமை, மெல்பேர்ன் புறநகரான டார்னெய்ட்டில் எங்கள் வீட்டுக் கராஜில் எனக்கு மெழுகு முடிந்துவிட்டது. குசினிக்குப் போய் நல்லெண்ணெயை எடுத்து வந்தேன். தோசைக்கல்லுக்குப் போதுமென்றால் பித்தளைக்குப் போதாதா என்பது என் கணக்கு.

கோது உள்ளே போனது, வெளியே வரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அச்சை அழுத்தும் கைப்பிடியில் முழுப் பாரத்தையும் போட்டேன். கோதின் விளிம்பு பிய்ந்துபோய், மிச்சம் அச்சுக்குள்ளேயே இறுகிவிட்டது.

துப்பாக்கிக் கிளப்பில் என்னோடு இலக்குச் சுடும் வெள்ளைக்கார நண்பரைப் பக்கத்து வெரிபீயிலிருந்து வரச்சொன்னேன். அவர் கோதின் அடியில் துளைபோட்டு, ஒரு போல்ட்டைத் திருகி இழுத்து எடுத்தார். நல்லெண்ணெயை மணந்து பார்த்து நன்றாகச் சிரித்தார். அதற்குள் வேலை முடிந்து வந்த என் மனைவி எங்களைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாள்.

குசினி மேசையில் அவர் என் மனைவியைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார். உங்கள் கணவர் போரில் காயப்பட்ட தம்பியைத் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் களப்பைக் கடந்த கதையைச் சொன்னார், நாங்கள் எல்லோரும் வாயடைத்துப்போனோம் என்றார்.

எனக்குத் தம்பியே இல்லை. போர் முடிந்தபோது நான் மெல்பேர்னில் படித்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கியை முதலில் தொட்டதே இந்த நாட்டில்தான். களப்பைக் கடந்தவள் என் மனைவி. அவள் தூக்கியது தன் தம்பியை. அக்கரைக்கு வந்தபோது அவன் அவள் முதுகிலேயே செத்துப்போயிருந்தான். கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை எனக்குச் சொன்னாள். பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

கிளப்பில் ஊரைச் சொன்னதும், போரில் இருந்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். எனக்குப் பெரிய மனுசனாக வேண்டியிருந்தது. மனைவி அந்தப் பக்கம் வரவே மாட்டாள் என்ற தைரியத்தில் அவள் கதையை என் கதையாக்கி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"தம்பி பிழைத்தானா?" என்று மனைவி அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "பிழைத்துவிட்டான்தானே. இப்போது கனடாவில் குடும்பத்தோடு இருக்கிறான்" என்றார்.

அதையும் நான்தான் சொல்லியிருந்தேன். சாவில் முடித்தால் கேட்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவனைப் பிழைக்கவைத்தேன்.

மனைவி தலையாட்டிவிட்டு பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது.

நண்பரை அனுப்பிவிட்டு வந்தபோது அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏச்சு விழட்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"கனடாவில அவன் என்ன வேலை செய்யிறான் எண்டு சொன்னனீங்கள்?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. பஸ் ஓட்டுகிறான் என்று சொல்லியிருந்தேன்.