மூன்று விதிகளும் ஒரு பென்சிலும்

கொழும்பு வெள்ளவத்தையில் லொட்ஜ் ஒன்றின் மேசை முன்னால் பெட்டியோடு நின்றபோதுதான் அந்த யோசனை பளிச்சிட்டது: பல்கலைக்கழகத்தில் படித்த தருக்கத்தை வைத்தே ஓர் அறை பிடித்துவிடலாம்!

யுத்த காலம். அன்று காலைதான் வவுனியாவிலிருந்து ரயிலில் வந்திருந்தேன். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாத தமிழருக்கு அறை இல்லை. லொட்ஜின் கடிதம் இல்லாதவருக்குத் துண்டு இல்லை. அறையில் தங்காதவருக்குக் கடிதம் இல்லை. துண்டில்லாமல் தெருவில் நின்றாலோ, பொழுதுபடுமுன் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மனேஜர் மெலிந்த மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனா. பதிவுப் புத்தகத்தில் பெயரைப் பேனாவால் எழுதுவார். திகதியை மட்டும் பென்சிலால்.

அறை, துண்டு, கடிதம் மூன்றுக்கும் உண்டு, இல்லை என்று தாளில் எட்டு வரிசை போட்டுக் காட்டினேன். "பாருங்கோ ஐயா, எட்டிலை ரெண்டுதான் சரிவருது. மூண்டும் இருக்கோணும், இல்லாட்டி மூண்டும் இருக்கக்கூடாது."

"மூண்டும் இல்லாட்டி?"

"ஒரு விதியையும் மீறேல்லை. ஆனா உள்ளுக்குப் போடுவாங்கள்."

"இதையோ கம்பஸிலை மூண்டு வருசமாப் படிப்பிக்கிறாங்கள்?" என்றபடி புத்தகத்தைத் திறந்தார். "மூண்டும் இருக்கிற வரிசையும் சரியெண்டா அதிலையே தொடங்குவம், தம்பி. நீர் நேற்று வந்தனீர்."

பென்சிலால் நேற்றைய திகதியைப் போட்டார். கடிதத்தையும் எழுதி நீட்டினார்.

மூன்றில் எதை முதலில் பெறுவது என்று என் தருக்கம் கேட்டதே இல்லை. அவரும் கேட்கவில்லை. எந்தக் கம்பஸில் படித்தாரோ!

பொலிஸ் நிலையத்துக்குப் போகும் வழியில், நேற்று வந்தேன் என்பதைச் சிங்களத்தில் சொல்லிப் பழகினேன்: "மம ஈயே ஆவே." நாலாவது தடவைதான் குரல் நடுங்காமல் வந்தது. ஐந்தாவது தடவையை இனி பொலிஸ் சார்ஜன்ட்டிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.