கொளஞ்சியப்பன், 2019

கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கும் இளவரசி, ஆறு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். நெல்வயல் மண்புழுக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. அவளுடைய அப்பா கொளஞ்சியப்பன் காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்லில் பாய்லர் பார்க்கிறவர். மண்புழு என்றால் தூண்டிலில் கோர்ப்பது என்பதோடு அவருடைய அக்கறை தீர்ந்துவிடும். "இன்னுமா அந்தப் புழு முடியல?" என்று பொங்கலுக்குப் பொங்கல் கேட்பார்.

நெறியாளர் தட்சிணாமூர்த்தி தங்கமான மனிதர், மேற்கோள் விஷயத்தில் மட்டும் கெடுபிடி. "யாரு சொன்னது, எந்த வருஷம் சொன்னது? வாக்கியத்துலயே பிராக்கெட் போடும்மா. கடைசியில பட்டியல் இருக்குன்னு தப்பிக்காத" என்பார். இளவரசி போட்டாள். மழை பெய்தால் மண் நனையும் என்பதற்குக்கூட எவரையாவது சாட்சிக்கு இழுத்துவந்து அடைப்புக்குறிக்குள் உட்காரவைத்தாள்.

வினை புகுந்தது அவளுடைய முதல் கட்டுரையில். வெளிநாட்டு ஆய்விதழின் இணையதளம் குடும்பப் பெயர் கேட்டது. நம் பக்கத்தில் குடும்பம் உண்டு, குடும்பப் பெயருக்கு எங்கே போவது? காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவே இல்லை. பாஸ்போர்ட்டுக்குச் செய்ததையே செய்தாள்: அப்பா பெயரைப் போட்டாள். கட்டுரை வெளிவந்தது. அடுத்த இரண்டும் அதே பெயரில் வந்தன. ஆய்வேட்டில் தன் பழைய முடிவுகளைச் சொல்லும் இடங்களில், விதிப்படி குடும்பப் பெயரும் வருஷமும் போட வேண்டும். போட்டாள். கொளஞ்சியப்பன், 2019. கொளஞ்சியப்பன், 2021. விதி எங்கும் பிசகவில்லை என்று தட்சிணாமூர்த்திக்குப் பரம திருப்தி.

வாய்மொழித் தேர்வுக்குப் புனேயிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "முக்கியமான முடிவெல்லாம் இந்தக் கொளஞ்சியப்பனுடையதாக இருக்கிறதே. இதில் உங்களுடையது எது?"

சரியான பதில் வராவிட்டால் பட்டம் போச்சு, ஆறு வருஷமும் போச்சு.

"அது நான்தான் சார். கொளஞ்சியப்பன் என் அப்பா."

"ஓ, அப்பாவின் ஆராய்ச்சியா?"

"இல்லை சார், அவர் ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறார். இங்கேதான் இருக்கிறார்."

தேர்வுக்கு வருகிறவர்களுக்கு டிபன் கொடுப்பது ஆய்வு செய்தவர் வீட்டாரின் பொறுப்பு. கொளஞ்சியப்பன் போண்டாப் பொட்டலங்களோடு வாசலில் நின்றிருந்தார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும், தன் பெயர் திரும்பத் திரும்ப அடிபடுவதும் மகள் முகம் வெளுத்துப்போனதும் அவருக்குத் தெரிந்தது. அவரையே கேட்டுவிடலாம் என்றார் புனேக்காரர்.

"அப்பா, இந்தக் கட்டுரையெல்லாம் எழுதனது நீயான்னு கேக்குறாருப்பா."

கொளஞ்சியப்பன் பொட்டலங்களைக் கீழே வைத்தார். துண்டைச் சரிசெய்தார்.

"ஆமாங்க. எழுதனது நாந்தாங்க. பாப்பா மேல ஒரு தப்பும் இல்லீங்க."

தட்சிணாமூர்த்தி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் புனேக்காரர்.

மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்தவர் சொன்னதைச் சொன்னபடியே சொல்ல வேண்டும் என்றுதானே இத்தனை வருஷமும் திட்டு வாங்கியிருக்கிறாள்.

"தானே எழுதியதாகச் சொல்கிறார், சார்."

பேராசிரியர் திரையிலிருந்த வரைபடத்தைக் காட்டி, அதை விளக்கச் சொல்லுங்கள் என்றார். கொளஞ்சியப்பன் அதை வெகுநேரம் பார்த்தார்.

"மேல ஏறி எறங்குதுங்க. ஏன்னு பாப்பாவுக்குத்தாங்க தெரியும்."

அதையும் இளவரசி அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். புனேக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, ஏன் என்றார். அடுத்த அரைமணி நேரம் இளவரசி ஏன் என்று சொன்னாள். யாரையும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

பட்டம் கிடைத்தது. திருத்தம் ஒன்றே ஒன்று: ஆய்விதழ்களுக்கு எழுதித் தன் பெயரைச் சரிசெய்துகொண்டு, அடைப்புக்குறிகளிலெல்லாம் இளவரசி என்று மாற்ற வேண்டும்.

காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் அதை அப்பாவுக்கு விளக்கிச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்ன? எல்லாமே போயிருக்கும்."

"மில்லுல நெல்லு அவியல் வீணாப்போனா மொதலாளி அந்த ஆளு மாரியேதான் கேப்பாரு. யாராச்சும் ஒருத்தன் நாந்தான்னு சொல்லிட்டா மத்தவங்கள உட்டுடுவாரு" என்றார் கொளஞ்சியப்பன்.

அவர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டார்.

"அப்ப இனிமே அந்த பிராக்கெட்டுக்குள்ள எம் பேரு வராதா?"

"வராதுப்பா. என் பேருதான் வரும்."

"இனிஷியலு?"

"அதுவும் உள்ள வராது. கடைசியில பட்டியல் இருக்குமில்ல, அதுல என் பேருக்குப் பின்னாடி கே-ன்னு வரும்."

கொளஞ்சியப்பன் ஒரு போண்டாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பின்னாடின்னா என்னா. வருதுல்ல."