ஒரு தரம், ரெண்டு தரம், ஓடிபி

பெரம்பலூர் வெங்காய மண்டியில், காதில் பேனாவைச் செருகியபடி நின்ற அந்த ஏலக்காரரின் பெயரை நான் கேட்கவே இல்லை. எண் எதுவானாலும் அவருக்குக் கூவித்தான் சொல்ல வரும்.

மண்டியின் பாஸ்வேர்டைத் திருடிய எவனோ, 'நாளை ஏலம் இல்லை' என்று வியாபாரிகளுக்கெல்லாம் செய்தி அனுப்பிவிட்டான். மறுநாள் ஒருவரும் வரவில்லை. கம்ப்யூட்டரைச் சரிசெய்ய என்னைக் கூப்பிட்டார்கள்.

"இனிமே பாஸ்வேர்டு மட்டும் பத்தாதுங்க. உங்க போனுக்கு வர்ற ஓடிபியையும் போட்டாத்தான் திறக்கும். திருடன்கிட்ட உங்க போன் இருக்காதுல்ல?" என்றேன் ஏலக்காரரிடம்.

"நல்ல ரோசனை சார்!"

சோதித்துப் பார்க்கப் பாஸ்வேர்டைப் போட்டேன். ஓடிபி வந்து அவர் போன் சிணுங்கியது. சட்டென்று மூட்டைமேல் ஏறினார்.

"நாலு லட்சத்துப் பன்னெண்டாயிரத்து முன்னூத்தி ஏழு! ஒரு தரம்!"

பின்னாலிருந்து ஒரு வியாபாரி, "முன்னூத்தி எட்டு!" என்றார்.

ஏலக்காரர் என்னைக் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணு கூடக் கேக்குறாரு. குடுத்துடலாங்களா சார்?"