பெட்டியில் இருந்தது மட்டும்

குவைத்துக்குள் ஈராக் படை புகுந்த ஆண்டு ஊர் திரும்பியவர்கள் ஆளுக்கொன்றைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் மனைவிக்கு வாங்கிய சங்கிலியை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தார். இன்னொருவர் பாலைவனம் முழுக்க ஒரு கசட் ரேடியோவைத் தோளில் சுமந்து வந்தார். கல்முனை பக்கீர் முகைதீன் கொண்டுவந்தது ஐந்து அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு விமானத்தின் படம் இருந்தது.

அவர் மனைவி ஸைனம்பு ஒன்றைத் திறந்து பார்த்தாள். பிளாஸ்டிக் சட்டத்தில் மீன் முள்ளைப் போல வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன சாம்பல் நிறத் துண்டுகள்.

"இத்தின வருசம் உழச்சிக் கொண்டந்த சாமான் இதானா?"

"ஒட்டினாப் பிளேனாகும்."

"பறக்குமா?"

"பறக்காது."

"அப்ப இத வெச்சிப் புட்டவிக்கட்டா?"

குவைத்தில் அவர் ஒரு பண்டசாலைக் காவலாளி. பக்கத்துக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற விமானங்களை ஆண்டுக்கணக்கில் பார்த்திருந்தார். கடைசி ஆண்டில்தான் வாங்கத் துணிந்தார்.

வீட்டின் பக்கத்து அறையில், வடக்கு யன்னலோரம் ஒரு மேசை போட்டுக்கொண்டார். நகவெட்டியால் துண்டுகளை நறுக்கியெடுத்து, விளிம்பை உரசி, ஈர்க்கு நுனியில் பசை தொட்டு ஒட்டுவார். வருடத்துக்கு ஒரு விமானம். பெட்டிக்குள் இருந்த தாளில் எந்த ஒழுங்கு சொல்லியிருந்ததோ அந்த ஒழுங்கு, எந்த நிறமோ அந்த நிறம். ஒரு கோட்டைக்கூடத் தன் யோசனையில் சேர்க்கமாட்டார். இதை அடக்கம் என்று சொல்லலாம். தவறினால் பழி தன்மேல் விழாதபடி தேடிக்கொண்ட பாதுகாப்பு என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு கிழிப்பதென்று அவருக்கே தெரிந்திருக்காது.

பெரிய கெட்டிக்காரர் அல்ல. உடலின் இரண்டு பாதிகள் சேரும் கோடு எல்லா விமானத்திலும் தெரிந்தது. இரண்டாவதில் பசை கண்ணாடியில் பட்டு, விமானி இருக்கும் இடம் புகை படிந்ததுபோல் ஆயிற்று. நான்காவதில் மட்டும் இறக்கைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன. அது குறைந்த விடயமல்ல.

வானத்தில் இரைச்சல் கேட்டால் ஊரே அண்ணாந்து பார்த்து அஞ்சிய காலம் அது. இராணுவச் சுற்றிவளைப்பில் வந்த சிப்பாய் ஒருவன் அறைக்குள் நுழைந்து, ஒரு புரொப்பெல்லரை விரலால் சுழற்றிப் பார்த்தான். சிரித்தான். போய்விட்டான். ஸைனம்பு அன்று நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கூடுதலாக இரண்டு ரக்அத் தொழுதாள்.

ஐந்தாவது பெட்டியை அவர் திறக்கவில்லை. அதில் இருந்தது இரட்டை எஞ்சின் டக்கோட்டா, ஐந்திலும் பெரியது. கை நன்றாகப் பழகட்டும் என்று வைத்திருந்தார். அதற்கான வெள்ளி நிற எனாமல் டப்பாவும் மூடி திறவாமல் கிடந்தது.

அதற்குள் மகள் றஸ்னாவுக்குக் கல்யாணம் பேசி வந்தது. அந்தக் கிழக்குக் கரையில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு மகளுக்கு. பெற்றவர்கள் பின்வளவில் சமைக்க ஒரு குசினியும் படுக்க ஒரு சாய்ப்பும் இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். அதில் யாரும் யாருக்கும் அநியாயம் செய்வதில்லை. ஸைனம்புவின் பெற்றோரும் இதே வீட்டிலிருந்து அப்படித்தான் ஒதுங்கினார்கள். பக்கீர் முகைதீன் மாப்பிள்ளையாக உள்ளே வந்தார்.

மாப்பிள்ளை றிபாஸ் கணித ஆசிரியர். அவனும் அவன் தாய் லைலாவும் வீடு பார்க்க வந்தபோது, அவள் பக்கத்து அறையை எட்டிப் பார்த்து, பக்கீர் முகைதீனை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்:

"இதாரு காக்கா விளையாடுற?"

"நான்தான்."

"அல்லாஹ்! பேரப்புள்ள வந்தாப் பொறகு விளையாடுறத இப்பயே தொடங்கிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். றிபாஸ் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே வந்து சுற்றிப் பார்த்தான்.

"இந்த அறயில நல்ல வெளிச்சம் இரிக்கி மாமா."

பக்கீர் முகைதீன் அதை விமானங்களுக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு மனைவியிடம் சொன்னார்:

"ஊடு முழுக்கப் புள்ளைக்கு. இந்த அற மட்டும் எனக்கு வேணும். அஞ்சாவத இன்னும் ஒட்டல்ல."

"குடுத்த ஊட்டுல உங்கட பிளேனுக்கென்ன பங்கு? கேக்கிறெண்டா நிக்காஹுக்கு முதல் வாயத் தொறந்து கேளுங்க. பொறகு கேட்டாச் சண்டதான்."

அவர் கேட்கவில்லை. பையனுக்கு விளங்கியிருக்கிறது என்று நம்பினார்.

கல்யாணம் முடிந்தது. பெரியவர்கள் பின்வளவுக்குப் போனார்கள். பக்கீர் முகைதீன் மட்டும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து தன் மேசையில் இருந்துவிட்டுப் போவார். ஒருநாள் வாசலில் பள்ளிக்கூடத்தில் போடுவதுபோன்ற நீளமான வாங்குகள் வந்து இறங்கின.

"மாமா, டியூசனுக்குப் புள்ளையள் வாறாங்க. இந்த அறதான் தோது. பிளேனெல்லாம் அப்பிடியே இரிக்கட்டும். மேச மட்டும்..."

"எடுங்க மருமகன்."

"உங்களுக்குக் கரச்சல் ஒண்டுமில்லயே?"

"எனக்கென்ன கரச்சல்."

றஸ்னா பின்னாலேயே வந்தாள். "வாப்பா, நான் அவரோட கதைக்கட்டா? செல்லிக் கேட்டா உடுவாரு."

"வேணாம் மகள். அது அவர்ர உழைப்பு."

"நீங்க ஒண்டும் கேக்கமாட்டீங்க. பொறகு மொகத்தத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரிவீங்க."

விமானங்களையும் பெட்டியையும் அவர் அன்றே பின்வளவுக் குசினிக்குக் கொண்டுபோனார். கீழே ஈரம், கோழி, ஆடு. அதனால் கூரைத் தகரத்தைத் தொடும் உயரத்தில் ஒரு பலகை அடித்து, எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கினார். நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று பெட்டியில் போட்டிருந்தது. அடுப்பு மற்ற மூலையில்தான் இருந்தது. தகரத்தைப் பற்றிப் பெட்டியில் எதுவும் இல்லை.

பிறகு கச்சான் காற்று தொடங்கியது. மேற்கேயிருந்து வரும் அந்த வெக்கையில் பகலில் தகரத்தைக் கையால் தொட முடியாது. வெளித்திண்ணையும் மரநிழலுமாகக் காலம் கழித்தவர், ஒருநாள் பலகையில் கை வைத்தபோதுதான் பார்த்தார். நான்காவது விமானத்தின் இறக்கைகள் நனைந்த கோழியினுடையதுபோல் இருபுறமும் தொங்கின. மற்ற மூன்றும் அதே கதிதான்.

ஐந்தாவது பெட்டியை இறக்கித் திறந்தார். டக்கோட்டாவின் உடல் இரண்டு நீளப் பாதிகளாகச் சட்டத்திலேயே இருந்தது. இரண்டும் காய்ந்த வாழைப்பட்டைபோல் வெவ்வேறு பக்கம் வளைந்திருந்தன.

"சுடுதண்ணியில போட்டு நிமித்தலாமே," என்றாள் ஸைனம்பு.

"தாள்ல அப்பிடி இல்ல."

"தாளெழுதினவன் இந்தக் குசினியிலயா இருந்தான்?"

அவர் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு தானே தண்ணீர் வைத்தார். தாள் சொல்லாத ஒன்றை அவர் செய்தது அதுதான் முதல் தடவை. ஒரு பாதி ஓரளவு நிமிர்ந்தது. மற்றது இன்னும் முறுகியது. பரவாயில்லை என்று பசை பூசி இரண்டையும் சேர்த்து அழுத்தினார். வாலை அழுத்தினால் மூக்கு பிளந்தது.

"இஞ்சால புடி."

ஸைனம்பு ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து மூக்கைப் பிடித்தாள்.

"எவ்வளவு நேரத்துக்கு?"

"காயுமட்டும்."

இருவரும் எதிரெதிரே குந்தியிருந்து பிடித்தார்கள். முன்வீட்டில் பிள்ளைகள் ஏதோ சூத்திரத்தை ஒன்றாகச் சொன்னார்கள். றிபாஸ் திருத்தினான். மறுபடி சொன்னார்கள். கை விறைத்த பிறகு அவர் மெல்லத் தன் விரல்களை எடுத்தார். அவளும் எடுத்தாள். நடுவிலிருந்து ஒரு சிறு சத்தத்துடன் கோடு பிரிந்தது.

"இன்னொருக்காப் புடிக்கட்டா?"

"வேணாம். சோறு பொங்குது, பாரு."

அவள் அடுப்புக்குப் போனாள். அவர் பாதிகளைப் பெட்டிக்குள் வைத்து மூடியைப் போட்டார். வளைவு முட்டியதால் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அப்படியே விட்டுவிட்டார்.